நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிக்கும் முறை: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பெயர்ப்பலகைகளை முன்வைத்து

தமிழ்வழியில் ஆறாம், ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு ‘புக்’, ‘வாட்டர்’ போன்ற சிறு சொற்கள் தடையாக இருப்பதில்லை. ‘அக்ரிகல்ச்சர்’, ‘இர்ரிகேஷன்’, ‘முனிசிபாலிட்டி’ என்று பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் இடைவெளியின்றி வரிசைகட்டி நிற்கும்போதுதான் கண் தடுமாறுகிறது. முதல் மூன்று நான்கு எழுத்துகளைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்லும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. பாலிடெக்னிக்கிலோ செவிலியர் பயிற்சியிலோ முதலாண்டு சேர்ந்து, எல்லாப் பாடமும் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறிவிட்ட மாணவர்களுக்கும் இதே இடர்தான். இக்கட்டுரை அவர்களுக்காகவும், மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், அக்கா, அண்ணன்மாருக்காகவும் எழுதப்பட்டது. ஆங்கில இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் நம் இரு மாவட்டங்களில் கண்ணில் படும் பலகைகளிலிருந்தே எடுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்கள் எல்லாம் இங்கே தமிழெழுத்தில் வருவதால், பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதி, சொல்லும் இடத்தில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். வெறுமனே படித்துக்கொண்டு போனால் இது கைவராது.

தமிழ் வகுப்பில் ஏற்கெனவே கற்றது

நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் இரண்டு வகையாகச் சொல்லைப் பிரிக்கக் கற்கிறார்கள். செய்யுளில் அசை பிரிப்பது ஒன்று. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று உறுப்புகளாகப் பிரிப்பது மற்றொன்று. ‘வந்தனன்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அசை பிரித்தால் வந்/தனன் என்று நேரும் நிரையுமாக இரண்டு துண்டு. பகுபதமாகப் பிரித்தால் வா, த், த், அன், அன் என்று ஐந்து உறுப்பு. அவற்றுள் ‘வா’ குறுகி ‘வ’ ஆனதும், சந்தித் தகரம் ‘ந்’ ஆனதும் விகாரம். முதல் பிரிப்பு காதுக்கானது, இரண்டாவது பொருளுக்கானது. இரண்டிலும் வெட்டு ஒரே இடத்தில் விழவேண்டிய கட்டாயம் இல்லை.

ஆங்கிலத்திலும் இப்படியே இரண்டு பிரிப்பு உண்டு. காதுக்கான துண்டை ‘சிலபிள்’ என்பார்கள். பொருளுக்கான துண்டுகள் முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று மூவகை. பெரும்பாலான பயிற்சி நூல்கள் சிலபிளை மட்டும் சொல்லி, உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் எண்ணவைத்து நிறுத்திவிடுகின்றன. அதனால் பிள்ளை சொல்லை உச்சரித்துவிடுகிறதே தவிர, அடுத்த வாரம் அதே வேர் வேறு சொல்லில் வந்தால் அடையாளம் காண்பதில்லை. என் பரிந்துரை வரிசையை மாற்றுவது. முதலில் பகுபதம் பிரிப்பதுபோல் ஒட்டுகளைக் கழற்றுங்கள். எஞ்சி நிற்கும் நடுப்பகுதியை மட்டும் காதால் பிரியுங்கள். பன்னிரண்டு எழுத்துச் சொல்லில் எட்டு எழுத்து ஒட்டாகவே கழன்றுவிட்டால், போராட வேண்டியது நான்கு எழுத்தோடு மட்டுமே.

ஓர் எச்சரிக்கை. நம் அசையும் ஆங்கிலச் சிலபிளும் ஒன்றல்ல. நிரையசைக்குள் இரண்டு உயிரொலி இருக்கும். சிலபிளுக்குள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

உயிரொலியை எண்ணுதல்

பிரிப்பதற்கு முன், சொல்லில் எத்தனை சிலபிள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். புறங்கையை மோவாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு உயிரொலிக்கும் மோவாய் ஒருமுறை இறங்கும். ‘வாட்டர்’ என்றால் இரண்டு முறை, ‘பனானா’ என்றால் மூன்று, ‘அக்ரிகல்ச்சர்’ என்றால் நான்கு.

இங்கே நம் பேச்சுப் பழக்கம் கணக்கைக் கெடுக்கும். சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வருவதும், வல்லின மெய்யில் சொல் முடிவதும் தமிழுக்கு இயல்பல்ல என்பதால், ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூலு’ என்றும் ‘பஸ்’ என்பதைப் ‘பஸ்ஸு’ என்றும் உயிர் சேர்த்துச் சொல்கிறோம். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கு, சொல்லை உயிரில் முடிக்கும் இந்தப் பழக்கம் இன்னும் வலுவாக இருக்கும். பேச்சில் அது குற்றமில்லை. ஆனால் எண்ணும்போது ‘ஸ்கூல்’ ஒரே சிலபிள், ‘ஸ்ட்ரீட்’ ஒன்று, நாம் இரண்டாகச் சொல்லும் ‘ஃபிலிம்’கூட ஆங்கிலத்தில் ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்யும் வழக்கத்தை நான் தடுப்பதற்கு முதற்காரணம் இதுவே: தமிழெழுத்தில் எழுதிய உடனேயே இல்லாத உயிர் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் எழுதுவதற்குப் பதிலாகச் சொல்லின்மேலேயே பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள்.

தாளில் எண்ணும்போது உயிரெழுத்துகளான ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகியவற்றின் கீழே புள்ளி வையுங்கள். சொல்லின் நடுவிலோ இறுதியிலோ வரும் ஒய்யும் பெரும்பாலும் உயிராகவே ஒலிக்கும். பிறகு இரண்டு திருத்தம் செய்யவேண்டும். சொல்லிறுதியில் ஒலிக்காமல் நிற்கும் ஈ எழுத்தின் புள்ளியை அழித்துவிடுங்கள். தொப்பூர் கணவாயில் வண்டியோட்டிகளை எச்சரிக்கும் பலகைகளில் காணும் ‘ஜோன்’, ‘ப்ரோன்’ ஆகிய இரண்டு சொற்களிலும் ஓ ஒன்றுதான் உயிரொலி, இறுதி ஈ அந்த ஓவை நெடிலாக்கிவிட்டு மௌனமாக நிற்கிறது. அடுத்து, இரண்டு உயிரெழுத்து சேர்ந்து ஓரொலியாக வருமானால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே புள்ளி. ‘ரோடு’ என்று நாம் சொல்லும் சொல்லில் ஓவும் ஏவும் ஓரொலி. ‘ட்ரெயின்’ என்பதில் ஏவும் ஐயும் ஓரொலி.

வாலைக் கழற்றுதல்

பின்னொட்டிலிருந்து தொடங்குவதே எளிது; ஏனெனில் அவை எண்ணிக்கையில் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை, ஒலியும் பெரும்பாலும் மாறாதவை. ‘ஷன்’ என்று ஒலிக்கும் நான்கெழுத்து வால் ஒன்றை மட்டும் பிள்ளை அடையாளம் கண்டுவிட்டால், இர்ரிகேஷன், எஜுகேஷன், கன்ஸ்ட்ரக்‌ஷன், இன்ஸ்பெக்‌ஷன், ரிஜிஸ்ட்ரேஷன் என்று அலுவலகப் பலகைகளில் பாதி திறந்துவிடும். டைவர்ஷன் பலகையில் அதே வால் எஸ் எழுத்தோடு வருகிறது. ‘மென்ட்’, ‘னெஸ்’, ‘ஃபுல்’, ‘லெஸ்’, ‘ஏபிள்’, ‘சர்’ என்று ஒலிக்கும் டி-யூ-ஆர்-ஈ, ‘அஸ்’ என்று ஒலிக்கும் ஓ-யூ-எஸ், ‘இட்டி’, ‘இக்’, ‘அல்’, ‘லி’, ‘இங்’ ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதுமானது.

‘கவர்ன்மென்ட்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்த மாவட்டங்களில் பிள்ளைகள் அதிகம் பார்க்கும் நீண்ட ஆங்கிலச் சொல் இதுவாகத்தான் இருக்கும், பள்ளிக்கூடப் பலகையே அதில்தான் தொடங்குகிறது. பேச்சில் ‘கவர்மென்ட்’ என்று சொல்லிப் பழகியதால், சொல்வதெழுதுதலில் நடுவில் உள்ள என் எழுத்தை விட்டுவிடுகிறார்கள். ‘மென்ட்’டைக் கழற்றினால் எஞ்சுவது ‘கவர்ன்’, ஆளுதல். ஆள்வோர் ‘கவர்னர்’. அந்த என் எழுத்து வாலுக்கு உரியதல்ல, வேருக்கு உரியது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் மறுபடி விடுபடாது. ‘என்விரான்மென்ட்’ என்பதிலும் இதே கதைதான்.

இறந்தகால ‘ஈ-டி’ வாலைத் தனியாகச் சொல்லவேண்டும். டேபிளுக்கு வரும் டியிலோ டோருக்கு வரும் டியிலோ வினைச்சொல் முடிந்தால் மட்டுமே அது தனிச் சிலபிளாக ஒலிக்கும்: ‘வான்ட்’ இரண்டாகி ‘வான்-டட்’ ஆகும். மற்ற இடங்களில் வெறும் மெய்யாக ஒட்டிக்கொள்ளும். ‘வாக்’ என்ற நடத்தல் வினை ‘வாக்ட்’ என்று ஒரே சிலபிளாகவே நிற்கும். ‘வாக்கெட்’ என்று படிக்கும் பிள்ளையை இந்த ஒரு விதி திருத்திவிடும்.

தலையைக் கழற்றுதல்

முன்னொட்டில் ஏமாற்று அதிகம். அன், ரி, டிஸ், ப்ரீ, இன், சப், டி, கான், எக்ஸ், இன்டர், ட்ரான்ஸ் ஆகியவை பழகவேண்டியவை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் பலகையில் உள்ள ‘எக்ஸ்போர்ட்’ வெளியே சுமத்தல், ‘இம்போர்ட்’ உள்ளே, லாரிமேல் எழுதியிருக்கும் ‘ட்ரான்ஸ்போர்ட்’ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு. மூன்றிலும் ‘போர்ட்’ என்ற லத்தீன் வேர் சுமத்தலைக் குறிக்கிறது. ஆனால் ‘அங்கிள்’ என்பதில் முதல் இரண்டு எழுத்து ‘அன்’ போலத் தோன்றினாலும் முன்னொட்டு அல்ல. ‘ரெடி’யில் ‘ரி’ இல்லை. ‘ப்ரிட்டி’யில் ‘ப்ரீ’ இல்லை. கழற்றிய பிறகு எஞ்சுவது ஒரு சொல்லாகவோ, வேறு சொற்களில் கண்ட வேராகவோ இருக்கிறதா என்று பார்ப்பதே சோதனை. இல்லையென்றால் ஒட்டிவிடுங்கள்.

புணர்ச்சி ஆங்கிலத்திலும் உண்டு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். எதிர்மறை ‘இன்’, எல் எழுத்துக்கு முன் ‘இல்’ ஆகிறது: ‘இல்லீகல்’. ஆர் எழுத்துக்கு முன் ‘இர்’ ஆகிறது: ‘இர்ரெகுலர்’. பென், பால் ஆகிய சொற்களின் முதலெழுத்தான இரண்டு பிக்கும் எம் எழுத்துக்கும் முன் ‘இம்’ ஆகிறது: ‘இம்பாசிபிள்’. உள்ளே என்று பொருள்படும் மற்றொரு ‘இன்’னுக்கும் இதே விதிதான். பாசனத் துறைப் பலகையில் உள்ள ‘இர்ரிகேஷன்’, ‘உள்ளே’ என்ற அந்த ‘இன்’னும் நீர் பாய்ச்சுதல் என்ற லத்தீன் வேரும் சேர்ந்தது, என் எழுத்து ஆர் ஆகத் திரிந்ததால்தான் அங்கே இரண்டு ஆர். எந்தச் சொல்லில் எழுத்து இரட்டிக்கும், எதில் இரட்டிக்காது என்று மனப்பாடம் செய்து சலித்தவர்களுக்கு இது பெரிய விடுதலை.

நடுவில் ஒட்டும் உயிர்

தர்மபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. பட்டு வளர்ச்சித் துறையின் பலகையில் ‘செரிகல்ச்சர்’ என்று காணலாம். வேளாண் துறையில் ‘அக்ரிகல்ச்சர்’, தோட்டக்கலையில் ‘ஹார்ட்டிகல்ச்சர்’, ஓசூர் ரோஜாத் தோட்டங்களைப் பற்றிய செய்தியில் ‘ஃப்ளோரிகல்ச்சர்’. இந்த நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆங்கிலத்தில் எழுதி, ‘கல்ச்சர்’ என்ற பொதுப்பகுதிக்கு முன்னே ஒரு கோடு போடுங்கள். ‘கல்ச்சர்’ என்றால் இங்கே பேணி வளர்த்தல். முன்னே நிற்பவை முறையே பட்டு, வயல், தோட்டம், பூ என்ற பொருளுடைய லத்தீன் வேர்கள். நான்கிலும் கோட்டுக்கு முன்னால் ஓர் ஐ எழுத்து நிற்பதைப் பார்ப்பீர்கள். வேரையும் வேரையும் இணைக்க வரும் உயிர் அது. நம் சாரியைபோல் தனிப்பொருள் இல்லாமல் இடையில் நிற்பது. லத்தீன் வழிச் சொற்களில் அது பெரும்பாலும் ஐ. கிரேக்க வழிச் சொற்களில் ஓ. ‘தெர்மாமீட்டர்’, ‘பயாலஜி’ போன்றவற்றின் நடுவில் இருப்பது அந்த ஓதான்.

நான்கு ‘கல்ச்சர்’ சொல்லிலும் காதுப் பிரிப்பும் பொருள் பிரிப்பும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன: அக்-ரி-கல்-சர், ஹார்-டி-கல்-சர். எனவே புதியவர்களுக்கு இந்தக் குடும்பத்திலிருந்து தொடங்கலாம். ‘தெர்மாமீட்டர்’ அப்படியல்ல. பொருள்வழி அது ‘தெர்ம்’, ‘ஓ’, ‘மீட்டர்’. காதுவழி அது தெர்-மாம்-இ-டர், மீட்டரின் எம் எழுத்து முந்தைய சிலபிளுக்குப் போய்விடுகிறது. ‘ஹெலிகாப்டர்’ இன்னும் வேடிக்கை. ‘ஹெலி’ என்றும் ‘காப்டர்’ என்றும் பிரிப்பது காதுக்குச் சரி; ஆனால் அதன் கிரேக்க உறுப்புகள் சுருள் என்ற பொருளுடைய ‘ஹெலிகோ’வும் சிறகு என்ற பொருளுடைய ‘ப்டெர்’உம்தான்.

எஞ்சியதைக் காதால் பிரித்தல்

ஒட்டுகள் கழன்ற பிறகு நடுப்பகுதி இன்னும் நீளமாக இருந்தால்தான் இந்தப் படி தேவை. இரண்டு உயிர்ப் புள்ளிகளுக்கு நடுவே எத்தனை மெய்யெழுத்து நிற்கிறது என்று பாருங்கள்.

இரண்டு மெய் இருந்தால் நடுவில் வெட்டுங்கள். தொப்பூர்ப் பலகையின் ‘ஆக்சிடென்ட்’ இதற்கு மிகப் பொருத்தமான சொல். அதில் இரண்டு சி அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று ‘க்’ என்றும் மற்றொன்று ‘ஸ்’ என்றும் ஒலிப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடுவில் வெட்டிப் பாருங்கள்: முதல் சி, ஏ எழுத்தோடு முந்தைய துண்டில் நிற்கிறது, ஆகவே ‘ஆக்’. இரண்டாவது சி, ஐ எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. ஈ, ஐ, ஒய் ஆகியவற்றுக்கு முன் வரும் சி பெரும்பாலும் மெல்லொலியாகி ‘ஸ்’ ஆகும், ஆகவே ‘சி’. வெட்டிய இடத்திலேயே விடை இருக்கிறது. ‘சக்சஸ்’ என்பதையும் இப்படியே வெட்டிப் பாருங்கள்.

இரண்டு எழுத்து சேர்ந்து ஓரொலி தருமானால் அவற்றை வெட்டக்கூடாது. சி-எச், எஸ்-எச், டி-எச், பி-எச் ஆகியவை இவ்வகை. என்-ஜி மட்டும் இரண்டுவிதமாக நடந்துகொள்ளும்: பாடுவோரைக் குறிக்கும் ‘சிங்கர்’ என்பது ‘சிங்’கும் ‘அர்’ வாலும் சேர்ந்ததால் இரண்டெழுத்தும் முதல் துண்டிலேயே நிற்கும், ‘மேங்கோ’வில் வால் எதுவும் இல்லாததால் இரண்டும் பிரிந்து ஜி தனியாகவும் ஒலிக்கும்.

ஒரே மெய் இருந்தால் உறுதியாகச் சொல்லமுடியாது. முதலில் அந்த மெய்க்கு முன்னால் வெட்டி, உயிரை நெடிலாகப் படியுங்கள்: பே-பர், ஹோ-டெல், மியூ-சிக். கேட்ட சொல்லாகத் தோன்றவில்லையென்றால் மெய்க்குப் பின்னால் வெட்டிக் குறிலாகப் படியுங்கள்: மெட்-அல், ரிவ்-அர், லெம்-அன். குறிலும் நெடிலும் நம் காதுக்கு முதல் வகுப்பிலேயே பழகியவை என்பதால் இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் மற்றவர்களைவிட விரைவாகவே பிடித்துக்கொள்கிறார்கள். ஆர் மட்டும் விதிவிலக்கு. தன் முன்னுள்ள உயிரோடு ஒட்டிக்கொண்டு அதன் ஒலியை மாற்றிவிடும், பிரிக்காதீர்கள்.

மூன்று மெய் இருந்தால் சேர்ந்தே ஒலிக்கும் இணையைக் கலைக்காமல் வெட்டவேண்டும். ஓசூர் சிப்காட் வளாகங்களில் கண்ணில் படும் ‘இன்டஸ்ட்ரியல்’ இன்-டஸ்-ட்ரி-அல் என்று நான்காகும். சொல்லிறுதியில் எல்-ஈ வந்தால் முன்னால் உள்ள ஒரு மெய்யை இழுத்துக்கொண்டு தனிச் சிலபிளாகும்: டே-பிள், பண்-டில், மார்-பிள்.

அழுத்தம் விழும் இடம்

துண்டுகளைச் சரியாகப் பிரித்த பிறகும் சொல் ஆங்கிலமாக ஒலிக்கவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் அழுத்தம். தமிழில் எல்லாத் துண்டையும் ஏறத்தாழச் சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு துண்டு ஓங்கும், மற்றவை தணிந்து, அவற்றின் உயிர் மங்கிய ‘அ’ போல ஆகிவிடும். எங்கே ஓங்கும் என்பதை வால்களே காட்டிக்கொடுக்கின்றன: ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ ஆகியவற்றுக்குச் சற்று முன்னால் உள்ள துண்டுதான் பெரும்பாலும் ஓங்கும்.

ஐ.டி.ஐ. மாணவர்களுக்குத் தெரிந்த மூன்று சொற்களை வைத்து இதைச் செய்துபாருங்கள். ‘எலெக்ட்ரிக்’, இ-லெக்-ட்ரிக், அழுத்தம் ‘லெக்’கில். ‘எலெக்ட்ரிசிட்டி’, இ-லெக்-ட்ரிஸ்-இ-டி, அழுத்தம் நகர்ந்து ‘ட்ரிஸ்’ஸில். ‘எலெக்ட்ரிஷன்’, இ-லெக்-ட்ரி-ஷன், அழுத்தம் ‘ட்ரி’யில், நாம் ‘எலெக்ட்ரீஷியன்’ என்று ஐந்தாக நீட்டிச் சொன்னாலும் ஆங்கிலத்தில் நான்குதான். மூன்றிலும் ‘எலெக்ட்ரிக்’கின் கடைசி சி எழுத்து அப்படியே இருக்கிறது, ஆனால் முதலில் ‘க்’, அடுத்து ‘ஸ்’, பிறகு ‘ஷ்’. ஆங்கில எழுத்து ஒலியைவிட வேரைக் காப்பாற்றுவதில் பிடிவாதமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சொற்கள் எனக்குத் தெரிந்து இல்லை. ஒலிக்கேற்ற எழுத்து இல்லையே என்று குறைப்படுவதற்குப் பதிலாக, மூன்றும் ஒரே குடும்பம் என்று கண்ணுக்குத் தெரிகிறதே என்று எடுத்துக்கொள்வது படிப்போருக்கு நல்லது.

ஒரே மாதிரி எழுதப்படும் சொல், பெயரா வினையா என்பதைப் பொறுத்து வெட்டும் அழுத்தமும் மாறுவதும் உண்டு. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் பெயரில் உள்ள மூன்றாவது எழுத்து ‘ப்ராஜெக்ட்’. திட்டம் என்ற பெயராக வரும்போது ப்ராஜ்-எக்ட், முதல் துண்டு ஓங்கும். முன்னே வீசுதல் என்ற வினையாக வரும்போது ப்ர-ஜெக்ட், இரண்டாவது ஓங்கும். உறுப்பு எப்போதும் ‘ப்ரோ’வும் வீசுதலைக் குறிக்கும் ‘ஜெக்ட்’டும்தான், ‘இன்ஜெக்‌ஷன்’, ‘ரிஜெக்ட்’ ஆகியவற்றில் உள்ள அதே வேர்.

மருத்துவமனைப் பலகை

செவிலியர் மாணவர்கள் அஞ்சும் சொற்கள் பெரும்பாலும் கிரேக்க உறுப்புகளால் ஆனவை, ஆகவே உண்மையில் இவைதான் ஒழுங்கானவை. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி; ‘ஓசிஸ்’ என்று முடிந்தால் நோய்நிலை; ‘ஆலஜி’ என்று முடிந்தால் துறை. ‘டியூபர்குலோசிஸ்’ ஐந்து சிலபிள், அழுத்தம் ‘லோ’வில். கண் பிரிவின் பலகையில் உள்ள ‘ஆஃப்தால்மாலஜி’ பார்க்கப் பயமுறுத்தும். அதில் பி-எச், டி-எச் என்று இரண்டு இணைகள் அடுத்தடுத்து நிற்பதால் நான்கு மெய் ஒன்றாகக் குவிந்திருப்பதுபோல் தெரிகிறது. இணையைக் கலைக்காமல் இரண்டுக்கும் நடுவே வெட்டினால் ஆஃப்-தால்-மால்-அ-ஜி. முதல் எச் எழுத்தை விட்டுவிட்டு ‘ஆப்’ என்று எழுதுவோர் மிகப் பலர். இணையாகப் பார்க்கப் பழகியவர்கள் விடுவதில்லை.

ஒரு முழுச் சொற்றொடர்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவர ஜப்பானிய நிதியுதவியுடன் அமைத்து, 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆங்கிலப் பெயரில் ‘ஃப்ளோரோசிஸ் மிட்டிகேஷன்’ என்ற இரு சொற்கள் உண்டு. இதுவரை சொன்னதை எல்லாம் இவற்றில் பொருத்திப் பார்க்கலாம்.

முதற்சொல்லில் ‘ஓசிஸ்’ வாலைக் கழற்றுங்கள். எஞ்சுவது ‘ஃப்ளுவோர்’; ‘ஃப்ளோரைடு’ என்பதன் வேரும் அதுவே. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்படும் நோய்நிலை என்று பொருள் தானாகவே வந்துவிடுகிறது. இந்த வேர் பாய்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, ‘ஃப்ளூயிட்’ அதன் உறவு. ஆகவே எல் எழுத்துக்கு அடுத்து யூவும் அதன்பின் ஓவும் வரவேண்டும். பிள்ளைகள் யூவை விட்டுவிட்டோ, ஓவை முன்னே போட்டு மாவைக் குறிக்கும் ‘ஃப்ளவர்’ ஆக்கிவிட்டோ எழுதுவதை இந்த உறவு தடுக்கும். பேச்சில் யூவும் ஓவும் ஒன்றாகவே ஒலிப்பதால் சிலபிள் மூன்று: ஃப்ளு-ரோ-சிஸ், அழுத்தம் நடுவில்.

இரண்டாவது சொல்லில் ‘ஷன்’ கழன்றதும் அதற்கு முன் உள்ள ‘கே’ ஓங்கும் என்று தெரிந்துவிடுகிறது. எஞ்சுவது எம்-ஐ-டி-ஐ. நடுவில் ஒற்றை மெய். நெடிலாகப் படித்தால் ‘மை-டி’, குறிலாகப் படித்தால் ‘மிட்-இ’. இங்கே குறில்தான் சரி: மிட்-இ-கே-ஷன், தணித்தல்.

‘முனிசிபாலிட்டி’யை நீங்களே செய்துபாருங்கள். இரண்டு வால் இருக்கிறது, ‘இட்டி’யும் ‘அல்’லும். சிலபிள் ஆறு, ஓங்குவது ‘இட்டி’க்கு முன் உள்ள ‘பல்’. 2019இல் ஓசூர் நகராட்சி மாநகராட்சி ஆனபோது பலகையில் வந்த ‘கார்ப்பரேஷன்’ என்பதற்கு ஒரே வால்தான், சிலபிள் நான்கு.

பயிற்சியும் அகராதியும்

நாளொன்றுக்கு மூன்று நான்கு சொற்களுக்குமேல் வேண்டாம். பேருந்தில் போகும்போது கண்ட பலகை, மருந்துச்சீட்டு, உரமூட்டையின் மேலுள்ள எழுத்து, மின்கட்டண அட்டை எதிலிருந்தும் எடுக்கலாம். பிள்ளையே தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. வாலுக்கு ஒரு கோடு, தலைக்கு ஒரு கோடு, எஞ்சியதில் உயிர்ப் புள்ளி, வெட்டு, துண்டு துண்டாக வாசிப்பு, சேர்த்து விரைவாக வாசிப்பு, கடைசியில் தாளை மூடிவைத்து எழுதுதல் என்ற வரிசை மாறாமல் இருக்கட்டும். ஒரு சொல்லைப் பார்த்தவுடன் படிக்கத் தொடங்கிவிட்டால் அதை மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள். தெரிந்த சொல்லை வெட்டவைப்பது வேகத்தைத்தான் குறைக்கும்.

அகராதியைக் கடைசியில் திறக்கவேண்டும், முதலில் அல்ல. தலைச்சொல்லின் நடுவே அகராதி போடும் புள்ளிகள், வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதைக் காட்டவே பல அகராதிகளில் இடப்படுகின்றன. உச்சரிப்பைக் காட்டும் பகுதியில் வேறிடத்தில் பிரித்திருக்கலாம். அமெரிக்க அகராதிகள் ஒலியைப் பார்த்து வெட்டுவதும், பிரித்தானிய மரபு சொற்பிறப்பையும் பார்ப்பதும் உண்டு. ஆகவே உங்கள் கோடு ஓரெழுத்து தள்ளி விழுந்தால் கவலைப்படவேண்டாம். சொல் சரியாக வாயில் வந்ததா, எழுத்து விடுபடாமல் கையில் வந்ததா என்பதே கணக்கு. ‘பிசினஸ்’ எழுத்தில் மூன்றுபோல் தோன்றி ஒலியில் இரண்டாக இருப்பது, ‘வெட்னஸ்டே’ என்று எழுதி ‘வென்ஸ்டே’ என்று சொல்வது போன்றவற்றில் எந்த விதியும் உதவாது. எழுதும்போது மட்டும் பி-சி-னெஸ், வெட்-னெஸ்-டே என்று மனத்துக்குள் முழுமையாகச் சொல்லிக்கொள்வதே வழி.

பலகைகளில் ஆங்கில எழுத்தில் இருக்கும் ஊர்ப்பெயர்களை இந்த விதிகளால் பிரிக்கவேண்டாம். பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை, காவேரிப்பட்டினம் எல்லாம் ஆங்கில எழுத்துடுத்திய நம் சொற்கள். அவற்றில் ஒலிக்காத ஈயும் இல்லை, மங்கும் உயிரும் இல்லை. பிள்ளைகள் அவற்றைத் தமிழாகவே படித்துவிட்டு, அடுத்த சொல்லான ‘பஞ்சாயத்து’க்கும் அதற்கடுத்த ‘யூனியன்’னுக்கும் போகட்டும், பென்சில் தேவைப்படுவது மூன்றாவதற்கு மட்டும்தான்.